சூப்பர் ஹீரோ படத்துக்கு விருதுப் பட்டியலில் இடம் உண்டா? (சண்டை போடலாம், திட்டக் கூடாது)

#1 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

எங்கள் பட்டறையில் ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்தான் உலகத்திலேயே பெரிய படம், அதற்கு ஆஸ்கர் கொடுக்காதது அநியாயம். இன்னொரு கட்சிக்கு, ஆள் பறந்தாலே அது சின்னப்பசங்க படம், அதற்கு எதற்கு விருது. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை, அதனால்தான் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். 2008இல் வந்த பேட்மேன் படமான தி டார்க் நைட்டுக்கு 8 ஆஸ்கர் பரிந்துரை, 2 விருது. அதில் ஒன்று வில்லனாக நடித்த ஹீத் லெட்ஜருக்கு, அவர் இறந்து ஒரு வருடம் கழித்து. ஆனால் சிறந்த படத்துக்கான பட்டியலில் அது இல்லை. அப்போது அந்தப் பட்டியலில் 5 இடம்தான். அடுத்த ஆண்டே 10 ஆக்கினார்கள், டார்க் நைட்டை விட்டதற்கு எழுந்த கூச்சலும் ஒரு காரணம் என்று பரவலாகப் பேசினார்கள். இடத்தைக் கூட்டிய பிறகும் ஒரு சூப்பர் ஹீரோ படம் அங்கே போய் உட்கார 2019 ஆகிவிட்டது, அது பிளாக் பேந்தர். அடுத்த வருடம் ஜோக்கர், 11 பரிந்துரை, அந்த ஆண்டில் அதைவிட அதிகம் வேறெதற்கும் இல்லை. நடுவில் லோகனுக்குத் திரைக்கதைப் பரிந்துரை. எண்ட்கேமுக்கு ஒன்றே ஒன்று, விஷுவல் எஃபெக்ட்ஸ், அதையும் 1917 என்ற படம் தட்டிக்கொண்டு போனது.

என் கட்சி இதுதான். இந்தப் படங்களில் பரிந்துரைக்குத் தகுதியான வேலை நிறைய நடக்கிறது, ஆனால் நடுவர்கள் பார்ப்பது கிராஃபிக்ஸை மட்டும். ரசிகர்களோ வசூலை மட்டும் பேசுகிறார்கள். நடுவில் நடிகரும் எழுத்தாளரும் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

#2 ஐந்துரோடு_அயர்ன்மேன்

அண்ணே, வசூலைப் பேசினால் என்ன தப்பு? எண்ட்கேம் 2.79 பில்லியன் டாலர். சும்மா வந்த காசா அது? 2008இல் அயர்ன் மேனில் ஆரம்பித்த மார்வெல் கதையை 22ஆவது படத்தில் கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள், ஒரு இழைகூட அறுந்து போகாமல் (சரி, ஒன்றிரண்டு அறுந்தது). இப்படி ஒரு வேலையை சினிமாவில் அதற்கு முன்னால் யார் செய்தார்கள்? படம் விட்டு வெளியே வரும்போது தியேட்டர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுத பசங்களை நான் பார்த்தேன். அந்த அழுகைக்கு ராபர்ட் டவுனி ஜூனியர் காரணம் இல்லையா? அந்த நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. அப்புறம் 2024இல் ஓப்பன்ஹைமருக்குக் கொடுத்தார்கள், கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்து பேசினால்தான் நடிப்பு போல.

#3 நாகலூர்_காபி

தம்பி, அழவைத்ததற்கெல்லாம் விருது என்றால் சீரியலுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

எண்ட்கேமை நானும் ரசித்துத்தான் பார்த்தேன். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து பார்க்கிறவர்கள் நாங்கள், எங்களுக்கு ஒவ்வொரு படமும் ஒரு பயணம், பிடிக்காத படத்துக்கு அவ்வளவு தூரம் வரமாட்டோம். ஆனால் என் அம்மாவையும் கூட்டிப்போனேன், அவருக்கு முதல் அரை மணி நேரத்தில் யார் யார் என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. 21 படம் பார்த்துவிட்டு வந்தால்தான் புரியும் என்றால், அது நிறைய பேருக்குப் பிடிக்கலாம், கோடி கோடியாய்ச் சம்பாதிக்கலாம், சிறந்த படம் என்று தனியே எடுத்து வைக்க முடியாது. லோகனை அம்மா எந்த விளக்கமும் இல்லாமல் பார்த்தார். கிழவனான ஒருத்தன், அவன் பார்த்துக்கொள்ளும் இன்னொரு கிழவர், கூட ஒரு சின்னப் பொண்ணு, கார். அவ்வளவுதான் தெரிய வேண்டும். அதனால்தான் எழுத்தாளர்கள் அதற்குப் பரிந்துரை கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

#4 ஐந்துரோடு_அயர்ன்மேன்

அக்கா, லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்றாம் பாகம் 2004இல் 11 பரிந்துரை, 11 விருது. அதை மட்டும் முதல் இரண்டு பாகம் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியுமா?

#5 நாகலூர்_காபி

நல்ல கேள்வி. அது ஒரே கதை, மூன்றையும் சேர்த்தே படமெடுத்தார்கள், ஒரே இயக்குநர். எண்ட்கேமுக்கு முன்னால் பத்துப் பதினைந்து இயக்குநர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். அதை ஒரு தயாரிப்பாளரின் சாதனை என்று சொல், நான் கைதட்டுகிறேன்.

#6 மைக்செட்_கன்னங்குறிச்சி

எல்லோரும் நடிப்பு கதை என்று பேசுகிறீர்கள், என் தொழில் சத்தம், அதனால் நான் அதைப் பேசுகிறேன். டார்க் நைட்டின் இரண்டாவது விருது எதற்கு என்று யாராவது கேட்டீர்களா? சவுண்ட் எடிட்டிங். ரிச்சர்ட் கிங் வாங்கினார். அதே இரவில் சவுண்ட் மிக்ஸிங் விருதுக்கும் டார்க் நைட் போட்டியில் இருந்தது, அதைத் தோற்கடித்தது யார் தெரியுமா, ஸ்லம்டாக் மில்லியனருக்காக நம் ரசூல் பூக்குட்டியும் அவரோடு வேலை செய்த இரண்டு பேரும். ரஹ்மான் சார் இரண்டு சிலை வாங்கியதும் அதே மேடையில்தான். நம்மூரில் அன்றைக்குக் கொண்டாடிய யாருக்கும் எதிரில் நின்றது பேட்மேன் என்று தெரியாது.

எடிட்டிங் என்றால் சத்தங்களைச் சேகரிப்பது, புதிதாக உண்டாக்குவது, எது எங்கே வர வேண்டும் என்று அடுக்குவது. மிக்ஸிங் என்றால் வசனம், இசை, மற்ற சத்தம் மூன்றையும் எது மேலே எது கீழே என்று சமன் செய்வது. டார்க் நைட்டில் லாரி தலைகீழாகக் கவிழும் இடத்தில் இசையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? அந்த இரும்பும் டயரும் மட்டும். திருவிழாவில் மைக் கட்டுகிற எனக்கே தெரியும், சத்தத்தைக் கூட்டுவது சுலபம், எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். 2021 விழாவிலிருந்து இரண்டையும் சேர்த்து சவுண்ட் என்று ஒரே விருதாக்கிவிட்டார்கள். ஆக சூப்பர் ஹீரோ படங்களுக்கு இருந்த ஒரு வாசலும் சுருங்கிவிட்டது.

#7 ஏற்காடுரோடு_வளைவு

தம்பிகளா, நீங்கள் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஹாலிவுட்டைப் பேசுகிறீர்கள். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வளைவு மட்டும் நிற்கிறதே, அதற்குள் என்ன படம் எடுத்தார்கள் என்று தெரியுமா? 1935இல் டி.ஆர். சுந்தரம் ஆரம்பித்தது. 1940இல் உத்தம புத்திரன், பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1956இல் அலிபாபாவும் 40 திருடர்களும், எம்.ஜி.ஆர். பானுமதி, தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். அப்புறம் ஜெய்சங்கரை வைத்து வல்லவன் ஒருவன், சி.ஐ.டி. சங்கர். குகை வாசல் திறப்பதும் துப்பாக்கிச் சண்டையும் மாறுவேடமும்தான். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அந்தப் படங்களை எடுத்தவர்கள் யாரும் விருதுப் பட்டியலை நினைத்து எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை, மறுநாள் காட்சிக்கு ஆள் வருமா என்றுதான் பார்த்தார்கள்.

எம்.ஜி.ஆருக்கு 1971 படங்களுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது எந்தப் படத்துக்கு? ரிக்‌ஷாக்காரன். ரிக்‌ஷா ஓட்டிக்கொண்டே சிலம்பம் சுற்றுவார். அதை அன்றைக்கு எத்தனை பேர் திட்டினார்கள்! அந்த ஆண்டில் நீங்கள் இருந்திருந்தால் இதே சண்டையைத்தான் போட்டிருப்பீர்கள். நம் ஊரில் ஹீரோ தனியாக ஐம்பது பேரை அடிக்கிறான், காற்றில் சுழல்கிறான், குண்டு படாமல் தப்பிக்கிறான், அவனுக்கு முதுகில் துணி மட்டும்தான் இல்லை. அப்படி இருக்கும்போது சூப்பர் ஹீரோ என்று தனியே ஒரு ஜாதி எதற்கு?

#8 தூங்காநகரம்_இல்லை_சேலம்

இவ்வளவு நீளமாகப் பேசுகிறீர்களே, ஜோக்கருக்குத்தான் தேசிய விருதே கொடுத்தார்களே.

#9 ஐந்துரோடு_அயர்ன்மேன்

எது, ஹாலிவுட் ஜோக்கரில் நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு டெல்லியில் தேசிய விருதா 😂

#10 தூங்காநகரம்_இல்லை_சேலம்

ராஜுமுருகனின் ஜோக்கர், 2016. சிறந்த தமிழ்ப் படம். குரு சோமசுந்தரம். கிராமத்தில் தன்னையே ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர். எனக்கு அவர்தான் ஒரிஜினல்.

#11 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

பாஸ், விளையாட்டாகச் சொல்லிவிட்டீர்கள், ஆனால் நான் எங்கே வர நினைத்தேனோ அங்கேயே கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள்.

அதே குரு சோமசுந்தரம் 2021 டிசம்பரில் மின்னல் முரளியில் ஷிபுவாக வந்தார். மலையாளம், பேசில் ஜோசப் இயக்கம், டொவினோ தாமஸ் நாயகன். பார்க்காதவர்களுக்கு: ஒரே இரவில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது, ஒருத்தன் தையல்காரன், இன்னொருத்தன் டீக்கடையில் வேலை செய்கிறவன், ஊர் பைத்தியம் என்று ஒதுக்கி வைத்தவன். இரண்டு பேருக்கும் ஒரே சக்தி. ஒருத்தனை ஊர் ஏற்றுக்கொள்கிறது, ஒருத்தனை ஏற்றுக்கொள்ளவில்லை, வில்லன் உருவாவது அந்த இடத்தில்தான். சிறு வயதிலிருந்து மனதில் வைத்திருந்த உஷாவிடம் அவர் பேசும் காட்சியில் பின்னால் எதுவும் வெடிக்கவில்லை, யாரும் பறக்கவில்லை. முகம் மட்டும்தான். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்றை அந்த மனிதர் செய்கிறார். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் இருந்து வந்தவர், உடம்பு முழுக்க நடிக்கும்.

இப்போது விருதைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதில் மின்னல் முரளிக்கு ஒன்றும் கிடைக்காமல் போகவில்லை. விஷுவல் எஃபெக்ட்ஸ், உடை, சவுண்ட் மிக்ஸிங், அப்புறம் பாடகர் விருது நம் பிரதீப் குமாருக்கு. சிறந்த நடிகர் பிஜு மேனனும் ஜோஜு ஜார்ஜும். இரண்டு பேருமே நல்ல நடிகர்கள், அவர்களிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் துணியைப் பார்த்தார்கள், சத்தத்தைக் கேட்டார்கள், பாட்டைக் கேட்டார்கள், மின்னலைப் பார்த்தார்கள். அந்த மின்னலைத் தன் உடம்பில் வாங்கியவர் விட்டுப்போனார். கல்யாணத்துக்கு வந்தவரைப் பந்தியில் உட்கார வைத்து நன்றாகச் சாப்பாடு போட்டுவிட்டு, போட்டோ எடுக்க மட்டும் மேடைக்குக் கூப்பிடாத மாதிரி இருக்கிறது.

பிளாக் பேந்தருக்கும் இதேதான். 7 பரிந்துரை, அதில் வாங்கிய மூன்றும் உடை, கலை இயக்கம், இசை. ரயன் கூக்லருக்கு இயக்குநர் பரிந்துரை இல்லை, வில்லன் கில்மாங்கராக வந்த மைக்கேல் பி. ஜோர்டானுக்கு நடிப்புப் பரிந்துரை இல்லை. அந்தப் படத்தில் கில்மாங்கர் பேசுவதில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால்தான் படமே நிற்கிறது. டார்க் நைட், பிளாக் பேந்தர், மின்னல் முரளி மூன்றையும் வரிசையாக வைத்தால் மூன்றையும் தூக்குவது வில்லன்தான். மூவரில் லெட்ஜர் ஒருவருக்குத்தான் பெரிய நடிப்பு விருது வந்தது.

#12 தையல்_அம்மாபேட்டை

உடைக்கு விருது கொடுத்ததை ஏதோ ஆறுதல் பரிசு மாதிரி எழுதுகிறீர்களே அண்ணா, கொஞ்சம் வலிக்கிறது. உடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டர் பிளாக் பேந்தருக்குச் செய்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். ராணி ரமோண்டா தலையில் இருக்கும் அந்தக் கிரீடம் போன்ற தொப்பி, ஜூலு இனத்தில் கல்யாணமான பெண்கள் அணிவதைப் பார்த்துச் செய்தது, 3டி பிரிண்டரில் அச்செடுத்தார்கள். பாட்டி காலத்து வடிவம், நாளைக்கு வரப்போகும் இயந்திரம், இரண்டும் ஒரே தலையில். வகாண்டா எப்படிப்பட்ட நாடு என்று வசனம் சொல்வதற்கு முன்னால் அந்தத் தொப்பி சொல்லிவிட்டது. இரண்டாம் பாகத்துக்கும் அவரே வாங்கினார். இது நடிப்புக்கு எந்த விதத்தில் குறைச்சல்?

சூசைட் ஸ்க்வாட் மேக்கப்புக்கு ஆஸ்கர் வாங்கியது என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். படம் மோசம்தான், எனக்கும் பிடிக்கவில்லை. மேக்கப் நன்றாக இருந்ததா இல்லையா? இருந்தது. அவ்வளவுதான் கேள்வி.

#13 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

தங்கச்சி, உடை விருதைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் கைவேலைக்காரன்தான், கொலுசுக்கு டிசைன் போடுகிறவன் வேலை எனக்குத் தெரியும். அதை மட்டும் கொடுத்துவிட்டுக் கதவை மூடுகிறார்களே என்பதுதான் என் புகார். ராணி ரமோண்டாவாக நடித்த ஏஞ்சலா பாஸெட்டுக்கு இரண்டாம் பாகத்தில் துணை நடிகைப் பரிந்துரை வந்தது. மார்வெல் ஸ்டுடியோஸ் படத்தில் ஒருவர் நடிப்புக்காகப் பரிந்துரை பெற்றது அதுதான் முதல் தடவை. அயர்ன் மேன் வந்து 14 வருடம் கழித்து!

#14 வக்கீல்_ஆகப்போகிறேன்

இதில் சதி எதுவும் இல்லை, விதிமுறையைப் பார்த்தால் புரியும். ஆஸ்கரில் நடிகர்களை நடிகர்கள் பிரிவு மட்டும் முன்மொழியும், உடைக்காரர்களை உடைக்காரர்கள். சிறந்த படத்துக்கு மட்டும்தான் எல்லோரும் முன்மொழியலாம், அதுவும் வரிசை போட்டு. பரிந்துரைக் கட்டத்தில் "இதுதான் என் நம்பர் 1" என்று எழுதுகிறவர்கள் கணிசமாக இருந்தால்தான் உள்ளே வர முடியும். ஆயிரம் பேருக்கு ஆறாவது இடத்தில் பிடித்த படம் வெளியே நின்றுவிடும். எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் எண்ட்கேமை நம்பர் 1 என்று எழுதலாம், ஒரு நாடக நடிகர் எழுதுவாரா? ஜோக்கரை எழுதினார்கள், ஏனென்றால் அதில் பறக்கிற ஆளே இல்லை, எழுபதுகளின் நியூயார்க் படம் மாதிரி இருக்கிறது. வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கிவிட்டு வந்ததால் கௌரவமும் ஒட்டிக்கொண்டது.

2018 ஆகஸ்டில் "பிரபலமான படம்" என்று தனி விருது வைக்கிறோம் என்று ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி அறிவித்தது. எல்லாப் பக்கமும் திட்டு விழ, செப்டம்பரிலேயே தள்ளி வைத்துவிட்டார்கள். அது வந்திருந்தால் பிளாக் பேந்தரை அந்தப் பெட்டியில் போட்டு மூடியிருப்பார்கள், சிறந்த படப் பட்டியலுக்கு வந்திருக்கவே வாய்ப்பில்லை என்பது என் அபிப்பிராயம். தனி வகை கேட்கிற ரசிகர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் தேசிய விருதிலும் ஒரு வேடிக்கை. படம் வெளியான தேதி முக்கியம் இல்லை, சென்சார் சான்றிதழ் வாங்கிய ஆண்டுதான் கணக்கு. 2022 மார்ச்சில் வெளியான ஆர்.ஆர்.ஆர். 2021 படங்களோடு போட்டியிட்டு எஃபெக்ட்ஸ் விருதை வாங்கியது. மின்னல் முரளியின் ஆண்டும் அதுதான். ஹனுமான் 2024 பொங்கலுக்கு வந்தது, 2023 கணக்கில் சேர்ந்தது. அதற்குக் கிடைத்தவை அனிமேஷன், எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு விருது இருக்கிறதே, அதுவும் சண்டைப் பயிற்சியும். அதற்கு முந்தைய முறை அந்தக் கூட்டு விருது பிரம்மாஸ்திராவுக்கு.

#15 நாகலூர்_காபி

அந்தக் கூட்டு விருதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல். அனிமேஷன் வேறு, நடிகர்கள் நடித்த படத்துக்கு எஃபெக்ட்ஸ் சேர்ப்பது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் முழுக்க வரைந்து எடுக்கிற சின்னப் படம் எப்படிப் பெரிய நடிகர் படத்தோடு மோதும்? 2010 படங்களுக்குக் கொடுத்தபோது எந்திரனுக்கு எஃபெக்ட்ஸ் ஸ்ரீனிவாஸ் மோகன், கலை இயக்கம் சாபு சிரில் என்று தெளிவாகப் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அதுதான் மரியாதை.

அப்புறம் ஸ்பைடர்மேன் இன்ட்டு தி ஸ்பைடர்வெர்ஸை யாரும் பேசவில்லையே? 2019இல் அனிமேஷன் ஆஸ்கர். பிளாக் பேந்தர் அதே ஆண்டு சிறந்த படப் பட்டியலில் இருந்தது. என்னைக் கேட்டால் ஸ்பைடர்வெர்ஸ்தான் அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். காமிக்ஸ் பக்கத்தின் புள்ளிகளையே திரையில் நகரவிட்டிருக்கிறார்கள், வேறெந்தப் படமும் அதற்கு முன்னால் அப்படி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

#16 ஏற்காடுரோடு_வளைவு

காமிக்ஸ் என்றதும் வாயைத் திறக்கிறேன். எழுபதுகளில் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்தவர்கள் நாங்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். மின்னல் அடித்தால் சக்தி வரும் என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்த விஷயம். நம் ஆட்கள் அதைப் படித்து வளர்ந்துவிட்டு, படம் எடுக்கும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள்?

#17 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

சார், அதற்கு முந்திச் சொன்ன கேள்விக்கே பதில் அதில் இருக்கிறது. நம் மாஸ் ஹீரோ முதல் காட்சியிலேயே எல்லாம் முடிந்தவன். அவனுக்குப் புதிதாக ஒரு சக்தி கொடுத்தால் கதைக்கு ஒன்றும் கூடாது. முகமூடி 2012இல் வந்தது, மிஷ்கின் குங்ஃபூவை வைத்து நேர்மையாக முயற்சி செய்தார், இரண்டாம் பாதியில் தடம் மாறிவிட்டது. சிவகார்த்திகேயனின் ஹீரோ படத்தில் நல்ல விஷயம் கல்வி பற்றிய பேச்சு, முகமூடியைக் கழற்றிவிட்டாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

மாவீரன் மட்டும் வேறு. பயந்தாங்கொள்ளி கார்ட்டூனிஸ்ட், அவனுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்கிறது, அந்தக் குரல் சொல்லிவிட்டால் நடந்தே தீரும். அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் சுவர் தட்டினால் பெயர்கிறது. சக்தி வேண்டாம் என்று கெஞ்சுகிற ஹீரோவை நம் மாஸ் படத்துக்குள் கொண்டுவந்து சிவகார்த்திகேயனை நடிக்க வைத்தது சாதாரண எழுத்து இல்லை. மடோன் அஷ்வின் முதல் படம் மண்டேலாவுக்கு அறிமுக இயக்குநர், வசனம் இரண்டுக்கும் தேசிய விருது வாங்கியவர். மாவீரன் வந்த 2023 படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் பார்க்கிங், திரைக்கதை விருதும் அதற்கு உண்டு. பார்க்கிங் நல்ல படம், எம்.எஸ். பாஸ்கருக்குக் கொடுத்ததில் எனக்கு முழு சந்தோஷம். ஆனால் ஒரு வீட்டு வாசலில் இரண்டு கார் சண்டை என்றால் எழுத்து தெரிகிறது, வானத்திலிருந்து குரல் கேட்டால் அதே நடுவர்களுக்கு எழுத்து தெரிவதில்லையோ என்று சந்தேகம்.

#18 தூங்காநகரம்_இல்லை_சேலம்

சரி கொலுசு அண்ணே, உங்கள் கையில் ஓட்டுச்சீட்டு இருந்தால்? நழுவக் கூடாது.

#19 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

டார்க் நைட்டுக்குச் சிறந்த படப் பரிந்துரை, அந்த ஆண்டு இருந்த ஐந்தில் தி ரீடரை எடுத்துவிட்டு. லோகனுக்குத் திரைக்கதையோடு ஹ்யூ ஜாக்மன், பேட்ரிக் ஸ்டூவர்ட் இருவருக்கும் நடிப்பு. ஜோர்டானுக்குத் துணை நடிகர். நாகலூர் அக்கா சொன்ன ஸ்பைடர்வெர்ஸை பிளாக் பேந்தர் பக்கத்திலேயே உட்கார வைப்பேன், எதையும் எழுப்ப வேண்டாம், அந்த ஆண்டு 8 படம்தான் இருந்தது, அப்போது பத்து வரை இடம் இருந்தது. ஜோக்கரின் 11இல் நடிப்பையும் ஹில்டுர் குட்னடோட்டிரின் செல்லோ இசையையும் வைத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுப்பேன், அது அளவுக்கு மீறிக் கிடைத்தது. குரு சோமசுந்தரத்துக்குக் கேரளத்தில் ஒன்று, டெல்லியில் ஒன்று. மாவீரனுக்குத் திரைக்கதை.

#20 ஐந்துரோடு_அயர்ன்மேன்

எண்ட்கேம் எங்கே அண்ணே? விட்டுவிட்டீர்கள்.

#21 செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

தெரிந்துதான் விட்டேன் தம்பி.